மாறியா, மீறியா

பயப்படாதே என்று உங்களுக்குச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நேற்று உங்களுக்குப் பாடம் எடுக்க வந்த ஒருவர், பத்திரிகைக்காரனுக்குப் பயமே இருக்கக் கூடாது என்று மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினாராம். நல்ல மனுஷன், நன்றாக இருக்கட்டும். நான் அதற்கு நேர் எதிராகச் சொல்லப்போகிறேன். பயப்படுங்கள். நன்றாகவே பயப்படுங்கள். எழுதின ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று நினைத்தால் கை கொஞ்சம் நடுங்கத்தான் வேண்டும்.

எல்லாத் தரப்பு ஆட்களும் பத்திரிகையில் இருக்க வேண்டியதைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அதற்கு இப்போது பெரிய பெரிய வார்த்தைகள் வந்திருக்கின்றன. எனக்குத் தெரிந்தது ஒரு சின்ன வார்த்தைதான். பாடு.

எங்கள் ஊர் பழவேற்காடு. கடலும் ஏரியும் கலக்கிற முகத்துவாரத்துப் பக்கம் வலை கட்ட நல்ல இடம் கொஞ்சம்தான் உண்டு. இறால் அங்கேதான் ஏறி வரும். ஆளுக்கு ஆள் பாய்ந்தால் வெட்டுக்குத்தாகிவிடும் என்று, இன்றைக்கு இந்த வீடு, நாளைக்கு அந்த வீடு என்று குப்பங்களில் சீட்டுப் போட்டு முறை வைத்திருந்தார்கள். அந்த முறைக்கும் பாடு என்றுதான் பெயர், வலை கட்டுகிற அந்த இடத்துக்கும் அதே பெயர்தான். மெட்ராஸ்காரர்களுக்குப் பாடு என்றால் படாத பாடு. எங்கள் பக்கம் பாடு என்றால் சோறு. என் அத்தா கடைத்தெருவில் வலைநூலும் கயிறும் விற்றார். எல்லாக் குப்பத்து ஆட்களும் கடைக்கு வருவார்கள், அதனால் இந்த வார்த்தை என் காதில் சின்ன வயதிலேயே விழுந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் மெட்ராஸில் ஒரு மாலைப் பத்திரிகையில் சேர்ந்தேன். அத்தா என்னை வேலைக்கு அனுப்பினதே தனிக் கதை, அதை விடுங்கள். மண்ணடியில் சாச்சி வீட்டில் தங்கியிருந்தேன். செய்திப் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். என் பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள், ‘பாய் வீட்டுப் பொண்ணு’ என்பார்கள். சேர்ந்த வாரமே ஒருவர் வந்து, “கடற்கரை ஊராமே? மீன் குழம்பு பத்தி எழுதும்மா” என்றார். எழுதினேன். அப்புறம் நோன்புக் கஞ்சி. அப்புறம் மறுபடியும் மீன் குழம்பு. இப்படியே போனால் என் சொந்தச் சமையல் மறந்துவிடும் போலிருந்தது.

எங்கள் ஊர்ப் பகுதிக்கு எத்திராஜ் என்று ஒரு பகுதி நேர நிருபர் இருந்தான். லைட்ஹவுஸ் குப்பத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பத்துப் பையன். அங்கே பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள். போஸ்டாபீஸிலிருந்து டிரங்க் கால் போட்டுச் செய்தி சொல்வான். அவன் போன் வந்தால் எங்கள் ஆட்களுக்கு ஒரே குஷி. ரிசீவரைப் பொத்திக்கொண்டு, “இன்னா சார், நல்லாக்கிறியா சார்” என்று அவனைப் போலப் பேசிக் காட்டிச் சிரிப்பார்கள். ரிசீவரிலேயே மீன் நாறுது என்று ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொள்வார். அவன் சொல்வதை எழுதிக்கொள்ளும் வேலையை ஒருவர் தலையில் ஒருவர் கட்டுவார்கள். போனை நான் எடுக்கிறேன் என்றால் விட மாட்டார்கள், பொண்ணு போன் எடுத்தால் வெளியூர் நிருபர்கள் வளவளப்பார்களாம்.

அன்றைக்குக் காலையில் எத்திராஜ் போன் போட்டிருக்கிறான். நான் உள்பக்கத்துப் புரூஃபில் தலையை விட்டுக்கொண்டிருந்தேன், எனக்குத் தெரியாது. அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில், கட்டம் கட்டி: ‘பாடு மீறி வலை கட்டினார். ஏரியில் இரு குப்பத்தினர் மோதல்.’ கீழே விவரம். தேசப்பன் என்பவர் பாடு மீறி வலை கட்டியதால் பக்கத்துக் குப்பத்தினர் தட்டிக் கேட்டனர், துடுப்பால் தாக்கிக்கொண்டனர், தலையில் அடிபட்ட ஒருவர் பொன்னேரி ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறார்.

தேசப்பன் வேறு யாருமில்லை, எத்திராஜின் அக்கா புருஷன். பாடு மீறுவது எங்கள் பக்கத்தில் சின்னத் திருட்டு இல்லை. மீறினவன் வீட்டை ஊரே தள்ளிவைத்துவிடும். அதுவும் ஆஸ்பத்திரியில் ஒரு உயிர் ஊசலாடும்போது. தன் மாமனைப் பற்றி எத்திராஜ் இப்படிச் சொல்லியிருப்பானா?

போன் எடுத்தவரைப் பிடித்தேன். அவர் கிறுக்கிவைத்த தாளைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்துக் காட்டினார். ‘பாடு மாறி’ என்றுதான் எழுதியிருந்தார். அன்றைக்கு முறை கன்னியப்பனுக்கு, அவர் வீட்டில் ராத்திரி அம்மா சாவு, பாடு மாறித் தேசப்பன் வலை கட்டினார், அது தெரியாத அடுத்த குப்பத்துக்காரர்கள் வந்து அடித்தார்கள், சாயங்காலம் படகுத்துறையில் இரண்டு குப்பமும் பஞ்சாயத்துக்கு உட்காருகிறது. எல்லாம் இருந்தது. சாவு வீட்டுக்காரன் தீட்டோடு வலை இறக்க மாட்டான். அவன் முறையை ஊர் சம்மதத்தோடு இன்னொருவனுக்கு மாற்றிக் கொடுப்பான். அதுதான் பாடு மாறுவது. அதில் குற்றமே இல்லை.

‘மாறி’யை ‘மீறி’ ஆக்கினது எங்கள் சீஃப் சப், செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்புகிறவர். நான் அவர் முன்னால் போய் நின்றேன். அந்த மனுஷனைக் கண்டால் எல்லோருக்கும் நடுக்கம். சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, தமிழைக் காப்பாற்றவே பிறந்தவர் போல உட்கார்ந்திருப்பார்.

“பாடு மாறின்னா என்னம்மா அர்த்தம்? ஒண்ணும் இல்லை. வரம்பு மீறி மாதிரி பாடு மீறி. அவனுக்குச் சொல்லத் தெரியலை. நான் திருத்தினேன்.”

“சார், அர்த்தம் இருக்கு சார்,” என்று சொன்னேன். பாடு என்றால் என்னவென்று சொன்னேன், பஞ்சாயத்தைச் சொன்னேன், அடிபட்டவனைச் சொன்னேன்.

“ஒரு எழுத்துதானே? நாளைக்குத் திருத்தம் போட்டுடலாம்.”

“நாளைக்குத் திருத்தம் போடலாம் சார். எத்திராஜ் அக்கா புருஷன் நாளைக்கு இருப்பாரா?”

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். அவருடைய கையும் லேசாக ஆடினதை நான் பார்த்தேன். பிறகு எழுந்து கீழே போய், ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தச் சொன்னார். முதலாளியைக் கேட்காமல் மெஷினை நிறுத்துவது அந்தக் கட்டடத்தில் கொலைக் குற்றம். திரும்பி வந்து, “பொன்னேரிப் பக்கம் போற கட்டு அப்பவே பஸ் ஏறிடுச்சு. ரயில் பிடிச்சா முந்தலாம். போ” என்றார்.

போனேன். ரயிலில் உட்காரவே முடியவில்லை. மீஞ்சூர் தாண்டினபோது வந்த உப்புக் காற்றில் எனக்கு எப்போதும் வீட்டு ஞாபகம் வரும், அன்றைக்கு எங்கள் டீக்கடைதான் ஞாபகத்துக்கு வந்தது. எங்கள் ஊரில் பேப்பரை ஆளாளுக்குத் தனியாகப் படிக்க மாட்டார்கள். டீக்கடையில் ஒருவன் சத்தம் போட்டுப் படிப்பான், மற்றவர்கள் கேட்பார்கள். அச்சில் வந்துவிட்டால் வேதவாக்கு. அதிலும், செய்தி யார் கொடுத்தது? எத்திராஜ். மச்சானே எழுதிவிட்டான், இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அந்தக் கட்டு பிரிந்தால் எத்திராஜ் தன் வீட்டுக்கும் ஆகாதவன், ஊருக்கும் ஆகாதவன்.

பொன்னேரியில் பழவேற்காட்டு பஸ் புறப்படத் தயாராக நின்றது. எங்கள் கட்டு, கண்டக்டர் பக்கத்தில், சணல் கயிறு போட்டுக் கிடந்தது. ஏஜெண்ட் கையில்தான் கொடுப்பேன் என்றார் கண்டக்டர். கெஞ்சினேன், ஆபீஸ் பெயரைச் சொன்னேன். “யாரா இருந்தா இன்னாம்மா? என் கையிலேர்ந்து ஏஜெண்டு கைக்கு. நடுவுல யாரும் கெடையாது” என்றார். சரி என்று அந்தக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிக்காதீர்கள், வேறு வழி தெரியவில்லை. “எழுந்திரும்மா” என்றார். எனக்கு மயக்கமாக வருகிறது என்றேன். பாதி நிஜம்.

பஸ் கிளம்பின பிறகுதான் எதிரே பார்த்தேன். மூன்று பெண்கள். நடுவில் இருந்தவளின் சேலையில் ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது. பக்கத்திலிருந்தவள் அவளிடம், “கோவிந்தம்மா, அழுவாத. டாக்டரு பொழச்சிக்குவார்னு சொல்லிக்கிறாரில்ல, மாத்துத் துணி எடுத்துக்கினு திரும்பிடலாம்” என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. அடிபட்டவனின் பெண்டாட்டி. எதிர்க் குப்பத்துக்காரி. அவளுக்கு எதிரே, அவள் புருஷன் பக்கம் சாய்ந்து பொய் சொல்கிற பேப்பர் மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

பின்னால் ஒருவர், “கண்டக்டரே, பேப்பர் ஒண்ணு உருவிக் குடு, நம்மூர் சண்ட வந்துக்குதாம்” என்றார். கோவிந்தம்மா நிமிர்ந்தாள். கடைக்காரர் மகள் என்று என்னை அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

“நீ பாய் ஊட்டுப் பொண்ணுதான? பேப்பர் ஆபீஸ்ல கீறேன்னு சொன்னாங்க. இன்னா போட்டுக்கீதும்மா அதுல?”

வாயைத் திறக்காமல் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிடலாம். உண்மையைச் சொன்னால், அச்சடித்த சாட்சி அவள் கைக்குப் போகிறது. பிடுங்கிக்கொண்டு போய்ப் பஞ்சாயத்தில் வீசினால் யார் கேட்பது? ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை எனக்கு.

“தேசப்பன் பாடு மீறினார்னு போட்டுக்குது அக்கா. அது தப்பு. எத்திராஜ் சொன்னது மாறின்னு. எங்க ஆபீஸ்ல மீறின்னு மாத்திட்டாங்க.”

அவள் என்னையே பார்த்தாள்.

“அப்ப எங்க ஊட்டுக்காரு சும்மாக்கீறவங்கள அடிக்கப் போயி ஒத வாங்கிக்கினு கெடக்குறாரு. அதான சொல்ற?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே அடுத்ததைக் கேட்டாள்.

“இன்னைக்குப் பாடு யாருது?”

“கன்னியப்பனுது. அவங்க அம்மா செத்துட்டாங்க. அதான் மாத்திக் குடுத்தாரு.”

“அய்யே, தாயம்மாவா?” அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். விடிந்ததிலிருந்து ஆஸ்பத்திரியிலேயே கிடந்தவளுக்குச் சாவுச் செய்தி வந்து சேரவில்லை. “என் கல்யாணத்துக்கு ஆரத்தி எடுத்த பொம்பள அது. சாவு ஊட்டுக்காரன் எப்படி வலை எறக்குவான்? பாடு சும்மா கெடக்குமா? யாருக்காச்சும் மாத்தித்தான குடுக்கணும்? இது கூடத் தெரியாம இந்த ஆம்பளைங்க...” அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது அவளுக்கு. “சேதி வந்திருந்தா அந்நேரம் அங்க குந்தி ஒப்பாரி வச்சிருப்போம். துடுப்ப தூக்கிக்கினு போயிட்டானுங்க.”

நான் பேனாவை எடுத்தேன். கட்டைப் பிரிக்கக் கூடாது என்று கண்டக்டர் மறுபடியும் எழுந்தார். கோவிந்தம்மா போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

“குடுய்யா! என் புருஷன் மண்ட பொளந்து கெடக்கான், உனுக்குக் கயிறு பெருசாப் பூடுச்சா?”

அவர் உட்கார்ந்துவிட்டார். பல்லால் கடித்துக் கயிற்றைப் பிரித்தவளும் அவள்தான். திருப்பாலைவனம் தாண்டி, குலுங்குகிற பஸ்ஸில், ஒவ்வொரு பேப்பராக அவள் எடுத்துக் கொடுக்க, நான் ‘மீறி’யை அடித்து மேலே ‘மாறி’ என்று எழுதினேன். தலைப்பில் ஒன்று, உள்ளே ஒன்று. அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் அடித்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

பொன்னேரியில் தனிக் கட்டு ஒன்று இறங்கியிருக்குமே, அதை நான் யோசிக்கவே இல்லை.

படகுத்துறைக்குப் போனபோது இரண்டு குப்பமும் உட்கார்ந்திருந்தது. நடுவில் வழி விட்டு, இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் இவர்கள். படகுகளில் துடுப்புகள் அடுக்கிக் கிடந்தன, யார் கைக்கும் எட்டுகிற தூரத்தில். எத்திராஜ் தன் மாமன் பின்னால் நின்றான். எதிர்க் குப்பத்துப் பெரியவர் கையில் ஒரு பேப்பர் இருந்தது. பொன்னேரியிலிருந்து சைக்கிளில் வந்த யாரோ கொடுத்தது. அதில் பேனா படவில்லை. அதை அப்போதுதான் சத்தமாகப் படித்து முடித்திருக்கிறார்கள். தேசப்பன் திரும்பி எத்திராஜைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. எத்திராஜ், “நான் அப்டி சொல்லல மாமா” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்வரிசையில் சிலர் எழுந்துவிட்டார்கள்.

என் ஊர் அது. ஆனால் அந்த இடத்தில் பெண் போய் நிற்பதில்லை. எங்கள் தெருப் பெண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நாளைக்கு இரண்டு குப்பமும் அத்தா கடைக்கு வராமல் போகலாம். இருந்தும் நடுவில் போய், நான் திருத்தின பேப்பரைப் பெரியவர் முன்னால் வைத்தேன்.

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். “இது அச்சு. இது கை. எத நம்புறது?”

“அச்சத்தான்!” என்று ஒரு குரல்.

“அச்சடிச்சதும் எங்க ஆளுங்கதான். கையால திருத்தினது நான்தான்,” என்றேன். “எத்திராஜ் மாறின்னு சொன்னாரு. எங்க ஆபீஸ்ல பாடுன்னா இன்னான்னு தெரிஞ்ச ஆளு இல்ல. புரியாததால மீறின்னு போட்டுட்டாங்க.”

“பாடு தெரியாதவனா பேப்பர் போடுறான்?” என்று யாரோ கேட்க, ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியவர் கேட்டார். “நீ யாரு பக்கம்மா?”

“அது பாய் ஊட்டுப் பொண்ணு. ரெண்டு பக்கமும் கெடையாது,” என்றாள் எனக்குப் பின்னால் வந்து நின்ற கோவிந்தம்மா. ஆபீஸில் என்னைக் குத்துகிற வார்த்தை. அன்றைக்கு அதுதான் என்னைக் காப்பாற்றியது. அவள் நிற்கவில்லை. ரத்தம் பட்ட சேலையோடு இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் போனாள். “தாயம்மா ராவுலேர்ந்து பொணமாக் கெடக்குது. எங்க குப்பத்துலேர்ந்து யாருய்யா போனீங்க? ஒருத்தன் போனியா?”

பெரியவர் பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். “மொதல்ல சாவு,” என்றார். அவர் பின்னால் அவர் குப்பம் எழுந்தது. கொஞ்சம் தள்ளி தேசப்பன் குப்பத்து ஆட்களும் எழுந்தார்கள். எல்லோரும் கன்னியப்பன் வீட்டுப் பக்கம் நடந்தார்கள். வழக்கு பிறகு பேசித் தீர்ந்தது. கோவிந்தம்மாவின் புருஷனும் பிழைத்து வந்தான்.

இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு எத்திராஜிடம் போனேன். அவன் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான், கை விடவில்லை.

“அக்கா, இனிமே நான் போன் போட மாட்டேன்.”

“அவங்க தப்புடா அது. உன் தப்பு இல்ல.”

“தெரியும். நான் மாறின்னுதான் சொன்னேன். மூணு தபா சொன்னேன். அவங்க காதுக்கு மீறின்னு கேக்குது. நாங்க வாயத் தொறந்தாலே அவங்களுக்கு மீறினாப்பலதான்க்கா கேக்கும்.”

மறுநாள் ஆபீஸில் சீஃப் சப்பிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் திருத்தத்தைத் தன் கையாலேயே எழுதி அச்சுக்கு அனுப்பினார். மெஷினை நிறுத்தினதற்கு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. “அந்தப் பையன் போன் போட வேண்டாம். இங்க வந்து போன் எடுக்கட்டும்” என்றார். ஆபீஸே எதிர்த்தது. மூக்கைப் பிடித்தவர் நாற்காலியையே தள்ளிப் போட்டுக்கொண்டார். எத்திராஜ் வர மாட்டேன் என்றான். அவனை இழுத்துக்கொண்டு வருவதற்குள் நான் பட்ட பாடு, மெட்ராஸ் பாடு.

கடைசியில் வந்து உட்கார்ந்தான். என் மேஜைக்கு அடுத்த மேஜை. முதல் சில நாள் போன் அடித்தாலே திடுக்கிடுவான். ஒருநாள் மலைப்பக்கத்திலிருந்து ஒரு நிருபர் கூப்பிட்டார். நிலத்தகராறு, இரண்டு பேருக்கு வெட்டு. எத்திராஜ் வேகமாக எழுதிக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்றான். ஏதோ ஒரு வார்த்தை புரியவில்லை. அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து தலைக்கு மேல் நிற்கிறான், செய்தி உடனே வேண்டும் என்று கத்துகிறார்கள், யாரோ, “எதையாவது போடுய்யா!” என்கிறார்கள். எத்திராஜ் ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். படகுத்துறையில் மாமன் பின்னால் நின்றபோது இருந்த அதே முகம். பயத்தில் வெளுத்திருந்தது.

பிறகு கையை எடுத்தான். “அண்ணே, எனுக்குப் புரியல. இன்னொரு தபா சொல்லுங்கண்ணே. மெதுவா சொல்லுங்க, நான் காத்துக்கினு இருக்கேன்” என்றான்.